இணைப்பு: நிலம் கொடுத்த சான்று

1

இந்த மாதத்தோடு இந்த நாற்காலியில் உட்கார்ந்து பன்னிரண்டு வருடம் முடிகிறது. இங்கிலாந்தின் வடக்கே, பாதி நாள் மழையும் மீதி நாள் மழை வருமா என்ற பேச்சுமாக இருக்கும் ஓர் ஊர். அங்கே ஒரு பல்கலைக்கழகம், அதில் மாணவர்களுக்கான வேலைவாய்ப்பு உதவி மையம். யாரும் கேக் வெட்டவில்லை. என் மேலதிகாரி ஹெலன் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். "வேலைக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு நாம் தரும் உதவியை எப்படி மேம்படுத்தலாம்? உங்கள் அனுபவத்திலிருந்து, ஒரு பக்கத்துக்குள்."

மூன்று வாரமாகிறது. அந்த ஒரு பக்கம் நகரவில்லை. அதில் அடங்காததை இங்கே எழுதிவிட்டால் அது தானாக வருமோ என்று பார்க்கிறேன். ஊரில் இருப்பவர்களுக்கு என்னை வாசிக்கும் பொறுமை இன்னும் மிச்சமிருக்கும் என்று நம்பிக்கை.

முதலில் என் வேலை என்னவென்று சொல்லிவிட வேண்டும். என் அப்பா நெய்வேலி சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது டவுன்ஷிப்புக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். காலை நடைக்குப் போகும்போது எதிரே வருகிறவர்களிடமெல்லாம், "எம்மவன் இங்கிலாந்துல புள்ளைங்களுக்கு வேலை போட்டுக் குடுக்கிற ஆபீஸ்ல இருக்கான்" என்று சொல்லி வைத்திருக்கிறார். அதன் விளைவாக வாரத்துக்கு இரண்டு பயோடேட்டாவாவது என் வாட்ஸ்அப்பில் வந்து விழும். கூடவே கும்பிடும் கை ஒன்று.

இந்தப் பன்னிரண்டு வருடத்தில் நான் ஒருவருக்கும் வேலை போட்டுக் கொடுத்ததில்லை. வேலை கேட்டு எழுதும் தாளை வாங்கிப் பார்த்து, இதை எடு, அதைச் சேர் என்று சொல்வேன். அவ்வளவுதான். ஒரு மாணவருக்கு இருபது நிமிடம். எனக்கு முன்பே அந்தத் தாளை ஒரு மெஷின் பார்த்து நூற்றுக்கு மதிப்பெண் போட்டுவிடும். அறுபதுக்குக் கீழே என்றால் சிவப்பு. அந்த மெஷின் வந்த பிறகு எங்கள் அறையில் மூன்று பேர் இரண்டு பேரானோம். மாணவர்கள் மட்டும் குறையவில்லை.

எனக்கு அலுத்துவிட்டது. இதை ஹெலனுக்கு எழுத முடியாது, உங்களுக்கு எழுதலாம்.

2

அமுதா பிப்ரவரியில் வந்தாள். திரையில் அவள் பெயருக்கு எதிரே இருபத்து மூன்று என்று சிவப்பாக இருந்தது. அவ்வளவு குறைவாக நான் பார்த்ததில்லை. வெற்றுத்தாளைப் போட்டாலே பதினைந்து வரும் என்று எங்கள் அறையில் ஒரு கிண்டல் உண்டு.

தாளைத் திறந்ததும் எனக்கு ஏனென்று புரிந்துவிட்டது. மேலே இடது பக்கம் அனுப்புநர். அடுத்து பெறுநர். பொருள். பார்வை. "மதிப்பிற்குரிய ஐயா" என்பது ஆங்கிலத்தில். பிறகு தன் குடும்பம் விவசாயக் குடும்பம், மூன்று ஏக்கர் நிலத்தையும் சுரங்க விரிவாக்கத்துக்குக் கொடுத்துவிட்டது, தகப்பனார் உடல்நலம் சரியில்லாதவர், எனவே ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கடைசியில், இணைப்பு ஒன்று: நிலம் கொடுத்த குடும்பம் என்பதற்கான சான்றிதழ் நகல். அரசு முத்திரையோடு, தமிழில். அது போயிருப்பது மான்செஸ்டரில் பாலம் கட்டும் ஒரு கம்பெனிக்கு.

கட்டடப் பொறியியலில் முதுகலை முடித்தவள். வயது இருபத்தொன்பது. எதிரே பிளாஸ்டிக் கோப்பு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் தமிழில் கேட்டேன்.

"நெய்வேலிப் பக்கமாம்மா?"

அவள் முகம் ஒரு விநாடி தடுமாறியது. "சேத்தியாத்தோப்பு பக்கம் சார். நீங்க?"

"டவுன்ஷிப். குவார்ட்டர்ஸ்லதான் பொறந்தேன்."

"ஓ, டவுன்ஷிப்பா" என்றாள். அந்த 'ஓ'வை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் பள்ளிப் பேருந்து கிராமங்களைத் தாண்டிப் போகும்போது ரோட்டோரம் நின்றிருந்த பிள்ளைகளின் முகத்தில் அது இருக்கும். நாங்கள் பல ஜில்லாக்களிலிருந்து வந்து குடியேறியவர்கள். எங்கள் வீட்டுக்குத் தண்ணீர், கரண்ட், ஆஸ்பத்திரி எல்லாம் தானாக வரும். அது யார் நிலத்தின் மேல் நிற்கிறது என்று பத்தாம் வகுப்பு வரை நான் யோசித்ததே இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நிஜம்.

"இதுவரைக்கும் எத்தனை இடத்துக்குப் போட்டே?"

"நாப்பத்தியொண்ணு சார்."

"எல்லாத்துலயும் இந்தச் சான்றிதழ் வெச்சியா?"

"வெச்சேன் சார். அசல் எங்கிட்டதான் இருக்கு, கேட்டா காட்டலாம்னு."

நாற்பத்தொரு இடத்திலிருந்தும் பதில் இல்லை. விசாவில் மிச்சமிருப்பது பத்து வாரம். அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் ஊருக்குப் போக வேண்டும். போவதில் என்ன என்று கேட்கலாம். நிலத்துக்கு வந்த இழப்பீட்டில்தான் அவள் இங்கே படிக்க வந்தாள். அம்மாவும் தம்பியும் அதற்குச் சம்மதித்து அனுப்பியவர்கள். நிலமும் இல்லாமல் வேலையும் இல்லாமல் போய் அவர்கள் முன்னால் நிற்க அவளால் முடியாது. அதை அவள் சொல்லவில்லை. கோப்பைப் பிடித்திருந்த பிடியில் தெரிந்தது.

"இந்த ஊர்ல இதெல்லாம் எழுதக் கூடாதும்மா" என்றேன். "குடும்பக் கஷ்டம், நிலம், அப்பா உடம்பு, எதுவும் வேணாம்."

"அப்ப எதைச் சொல்லிக் கேக்கறது சார்? எங்க ஊர்ல குடுத்தவங்கன்னு சொல்லித்தான் எதையுமே கேட்டுக்கினு இருந்தோம். சொல்லலன்னா எதுக்குக் குடுப்பாங்க?"

 கடிகாரத்தில் பதினொரு நிமிடம் மிச்சம். பிறந்த தேதியை எடுத்தேன். அப்பா பெயரை எடுத்தேன். புகைப்படம், திருமண நிலை, மூன்று ஏக்கர், பணிவுடன், எல்லாம் போயிற்று. மேசை மேலிருந்த சான்றிதழ் நகலைக் காட்டி, "இது தேவையே இல்ல, தூக்கிப் போட்டுடு" என்று காலடியில் இருந்த குப்பைக் கூடையைக் காட்டினேன். அவள் அதை மடிக்காமல் எடுத்துக் கோப்புக்குள் வைத்துக்கொண்டாள். மெஷின் அறுபத்தாறு போட்டது. பச்சை. அடுத்த மாணவர் கதவைத் தட்டினார்.

3

அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நான் வளர்ந்த ஊரில் வேலை என்பது தேடிப் போவதில்லை, காத்திருந்து வருவது. பன்னிரண்டாவது முடித்ததும் கடலூருக்கு பஸ் ஏறி வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வருவோம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மறந்தால் சீனியாரிட்டி போய்விடும் என்று வீட்டில் அடி விழும். பிறகு காத்திருப்போம். ஊரில் மனிதர்கள் இரண்டு வகை: பெர்மனென்ட், கான்ட்ராக்ட். கல்யாணப் பேச்சில் பெண் வீட்டார் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். கான்ட்ராக்டில் இருப்பவர்கள் பெர்மனென்ட் ஆவதற்கு மனு எழுதுவார்கள். நிலம் கொடுத்தவர்கள் வீட்டுக்கு ஒரு வேலை கேட்டு மனு எழுதுவார்கள். எழுதும் மனுவில் ஒருவரும் தான் கெட்டிக்காரன் என்று எழுதியதில்லை. எனக்கு இது நியாயமாகச் சேர வேண்டியது, தயவுசெய்து கொடுங்கள். உரிமையும் கெஞ்சலும் ஒரே வாக்கியத்தில் இருக்கும்.

நான் இந்த ஊருக்கு வந்து போன முதல் நேர்முகத்தில், உங்கள் பலம் என்ன என்று கேட்டார்கள். "கொடுக்கிற வேலையைச் செய்வேன்" என்றேன். சொன்னபோது பெருமையாகத்தான் இருந்தது. எங்கள் அப்பாவைப் பற்றி மற்றவர்கள் சொன்ன அதிகபட்ச பாராட்டு அதுதான். எதிரே இருந்த மூன்று பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள்.

என் மகள் கயல் இந்த ஊர்ப் பிள்ளை. வேறொரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். அவளுடைய தாளை எங்கள் மெஷினில் போட்டுப் பார்த்தேன், தொண்ணூற்று நான்கு. வழிநடத்தினேன், முன்னெடுத்தேன், மாற்றத்தைக் கொண்டுவந்தேன் என்று வரிக்கு வரி நான், நான். என்னவென்று விசாரித்தால், கல்லூரியில் ஒரு சனிக்கிழமை கேக் விற்றிருக்கிறாள்.

"இது கொஞ்சம் ஓவரா இல்லையாடா?" என்றேன்.

"எல்லாரும் இப்படித்தான்ப்பா எழுதுவாங்க. உங்க ஜாபே இதுதானே?" என்றாள்.

 அவள் சொன்னது சரி. அதே வாரம் ஹெலனுக்கான அந்த ஒரு பக்கத்தை அவளிடம் காட்டினேன். இரண்டு வரி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "அப்பா, யார்கிட்ட கெஞ்சறீங்க? இது ப்ரபோசலா, பெட்டிஷனா?" வாங்கிப் பார்த்தேன். 'தாங்கள் பரிவுடன் பரிசீலித்து' என்பதன் ஆங்கிலம் முதல் வரியிலேயே உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டு வருடமாக மற்றவர்கள் தாளிலிருந்து நான் அடித்துக்கொண்டிருக்கும் அதே வரி.

4

அமுதாவுக்கு ஏப்ரலில் ஒரு நேர்முகம் வந்தது. பச்சை மதிப்பெண்ணுக்குக் கிடைத்த பலன் என்று நான் உள்ளூர மகிழ்ந்தேன். முடிந்ததும் அவள் வந்து உட்கார்ந்தாள்.

"யாரோடயாவது கருத்து வேறுபாடு வந்து அதைத் தீர்த்து வெச்ச அனுபவம் சொல்லுன்னாங்க சார். நான் யார்கூடயும் சண்டை போட மாட்டேன், எல்லார்கிட்டயும் அட்ஜஸ்ட் பண்ணிப் போவேன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"தேங்க் யூ சொல்லி அனுப்பிட்டாங்க."

அவளுக்கு இன்னும் நான்கு வாரம் இருந்தது. ஆறுதலாக ஏதோ சொன்னேன். அந்த வாரம் நான் அதே ஆறுதலை எட்டுப் பேருக்குச் சொல்லியிருந்தேன். எனக்கே அது கேட்கவில்லை.

அன்று மாலை வேலை முடிந்து பஸ் நிறுத்தத்துக்குப் போனால், நிழற்குடைக்குள் அவள் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். என்னைக் கவனிக்கவில்லை.

"இல்ல, அண்ணி, பார்வைன்னு போட்டு போன மாசம் குடுத்த மனு தேதியைப் போடு. சர்வே நம்பர் தப்பா இருக்குது பாரு, கடைசில பி வரும். பூவரசு ரெண்டையும் தனியா எழுது, வேலியோட சேத்து எழுதிப்புட்டா வுட்டுடுவாங்க. அவங்க கைல குடுத்துட்டு வந்துடாத. சீல் வெச்சு ஒரு காப்பி வாங்கிக்கினு வா."

போனை வைத்தபின் கேட்டேன். "யாருக்கும்மா?"

"எதிர்வூட்டு அண்ணி சார். எங்க தெருவுக்கு மனு எழுதுறது நான்தான். பத்தாவதுல ஆரம்பிச்சது. இங்க வந்தும் வுட மாட்டேங்கறாங்க."

பஸ் வரவில்லை. மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. நான் கேட்காமலேயே சொன்னாள். நிலம் எடுப்பதற்கான கணக்கெடுப்பு முடிந்து பட்டியல் ஒட்டியபோது பார்த்திருக்கிறார்கள், பல வீட்டு மரமும் போர்க்கிணறும் விட்டுப் போயிருக்கின்றன. சத்தம் போட்டார்கள், ரோட்டில் உட்கார்ந்தார்கள். இவள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். தென்னை, வேம்பு, முருங்கை, போர் ஆழம், யார் அனுபவத்தில் இருக்கிறது, சாட்சி யார். மூன்று மாதம். ஆண்கள் முதலில் சிரித்தார்கள். அலுவலகத்தில் உட்கார வைக்கவில்லை. ஏழாவது முறை போனபோது அங்கிருந்த அதிகாரி நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு, சர்வேயரை மறுபடி அனுப்பினார். வெயிலில் அந்த சர்வேயரோடு கூடவே நடந்து ஒவ்வொரு மரமாகக் காட்டியவள் இவள். அவர் கோபத்தில் சங்கிலியை வீசிவிட்டுப் போன நாளில், மோர் வாங்கிக் கொடுத்துத் திரும்ப அழைத்து வந்திருக்கிறாள். எல்லாம் சேரவில்லை. பாதிக்கு மேல் சேர்ந்தது.

நான் அவளையே பார்த்தேன். "யார்கூடயும் சண்டை போட மாட்டேன்னு சொன்னியேம்மா."

"அது சண்டை இல்லையே சார்."

"இதை ஏன் எழுதல?"

"இது வேலை இல்லையே. யாரு சம்பளம் குடுத்தாங்க? அதுவும் இல்லாம, நிலத்தைப் பத்தி எழுதக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

அந்த மழையில் எனக்கு ஓர் இடமும் இல்லை ஒதுங்க. பிப்ரவரியிலேயே நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அந்தச் சான்றிதழுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். பதினொரு நிமிடம் இருந்தது. கேட்கவில்லை. டவுன்ஷிப் பையன் கேட்கவில்லை.

5

அடுத்த நாள் தொடர்ந்து மூன்று இருபது நிமிடங்களை அவள் பெயரில் போடப் பார்த்தேன். சிஸ்டம் அனுமதிக்கவில்லை. ஒரு மாணவருக்கு மாதம் மூன்றுதான், ஒன்று முந்தின நாளே போயிருந்தது. மூன்றாவதை என் பெயரிலேயே போட்டுக்கொண்டேன். என் விண்ணப்பத்தை நானே பார்த்துக்கொண்டதாக அன்றைய பதிவில் இருக்கும். ஹெலன் இதைப் படிக்க மாட்டார் என்பது ஒரு நிம்மதி.

நோட்டு, மூன்று மாதம், ஏழு முறை, சர்வேயர், மோர். எல்லாவற்றையும் எழுதினோம். 'கருத்து வேறுபாடு' என்ற இடத்தில் அவள் வாயால் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டேன். மெஷின் நாற்பத்தொன்று போட்டது, சிவப்பு. வழிநடத்தினேன், முன்னெடுத்தேன் எதுவும் அதில் இல்லையாம். சிவப்போடு பதினாறு இடத்துக்கு அனுப்பினோம்.

ஒன்று கூப்பிட்டது. வயல்கள் வழியாக உயர் அழுத்த மின்கோபுரம் நடும் ஒரு கம்பெனி. நிலக்காரர்களோடு பேசி, இடத்தை அளந்து, பாதிக்கப்படும் மரம், வேலி, கால்வாய்களைப் பட்டியலிட்டு, அவர்கள் கையெழுத்தை வாங்கி வர ஆள் தேவை. நேர்முகத்தில் அதே கருத்து வேறுபாடு கேள்வி வந்திருக்கிறது. கால் மணி நேரம் பேசினாளாம். ஒருவரும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. இரண்டு நாளில் வேலை கிடைத்தது. விசாவில் ஒன்பது நாள் மிச்சம்.

சந்தோஷமாக வருவாள் என்று நினைத்தேன். வந்து, அதே நாற்காலியில், அதே கோப்போடு உட்கார்ந்தாள்.

"சார், நான் அந்தப் பக்கம் உக்காரணும் இல்ல?"

எனக்குப் புரிந்தது. ஆனாலும், "எந்தப் பக்கம்?" என்றேன்.

"நிலம் கேக்கிறவங்க பக்கம். எங்க வூட்டுக்கு வந்தவங்களும் இப்படி ஷூ போட்டுக்கினு, கைல பைலு வெச்சிக்கினுதான் வந்தாங்க. எங்கம்மா அவங்களுக்கு தண்ணி குடுக்கல. வேலை கிடைச்சிருச்சுன்னு அம்மாகிட்ட சொன்னேன். என்ன வேலைன்னு சொல்லல."

அந்த நேரத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று எங்கள் கையேட்டில் இருக்கிறது. வாழ்த்துகள், உங்கள் படத்தை எங்கள் சுவரில் போடலாமா. ஆனால் நான் குடித்த பால், படித்த பள்ளி, இங்கே வந்து சேர்ந்த விமானச் சீட்டு வரை எல்லாமே இப்படி யாரோ ஒருவர் போய் யாரிடமோ வாங்கி வந்த நிலத்துக்குக் கீழே இருந்து வந்தவை. போ என்று சொல்லவும், வேண்டாம் என்று சொல்லவும் நான் தகுந்த ஆள் இல்லை.

"தெரியலம்மா" என்றேன். "நிஜமாவே தெரியல."

 "யாரோ ஒருத்தர் போவத்தான் போறாங்க இல்ல சார். மரத்தை வுட்டுட்டு எழுதறவங்க போறதுக்கு..." என்று நிறுத்திவிட்டாள். நேரம் முடிந்ததற்கான மணி திரையில் அடித்தது. அன்று சாயங்காலம், வேலையை ஒப்புக்கொண்டுவிட்டதாக ஒரு வரி அனுப்பினாள். அதற்குப் பிறகு ஆறு வாரம் ஒன்றும் இல்லை. எங்கள் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே பச்சை விழுந்தது.

6

இது வரை எழுதி நிறுத்தியிருந்தேன். போன வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது போன் வந்தது. காற்று இரைச்சல். ஏதோ வயலில் நிற்கிறாள்.

"சார், ஃப்ரீயா? முதல் தடவை தனியா வந்தேன். கிழவர் ஒருத்தர். கேட்டுக்குள்ளயே வுடல. நிலம் போறதைப் பத்தி உனக்கு என்ன தெரியும்னு கத்தினாரு."

"நீ என்ன சொன்னே?"

"இங்கிலீஷ் வரல சார், அவசரத்துக்கு. பைல்ல அந்தச் சான்றிதழ் இருந்துச்சு. எடுத்து நீட்டிட்டேன்."

"தமிழ்ல இல்ல இருக்கும்?"

"ஆமா. அவருக்கு என்ன புரியும். சீலைப் பார்த்தாரு. எத்தனை ஏக்கர்னு கேட்டாரு. மூணுன்னேன். திரும்பத் திரும்பப் பார்த்துட்டு கேட்டைத் திறந்து வுட்டாரு. டீ போட்டுக் குடுத்தாரு சார்."

 டப்பாவை மூடிவிட்டு, அலுவலகக் குரலில் கேட்டேன். "கையெழுத்துப் போட்டாரா?"

"போட வந்தாரு. நான்தான் இன்னைக்கு வேணாம்னு சொல்லிட்டேன். எங்க ஆளுங்க குடுத்த பட்டியல்ல ரெண்டு மரம் வுட்டுப் போயிருக்கு. நாளைக்குச் சேர்த்துக்கினு வரேன்னு சொல்லியிருக்கேன்."

போனை வைத்துவிட்டு, காலடியில் இருந்த குப்பைக் கூடையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹெலனுக்கான பக்கத்தைத் திறந்து, முதல் வரியில் இருந்த கெஞ்சலை அடித்தேன். இருபது நிமிடத்தை ஒரு மணி நேரமாக்க வேண்டும், முதல் அரை மணி தாளைத் திறக்கவே கூடாது என்று எழுதினேன். அந்த அரை மணியில் என்ன செய்வீர்கள் என்று ஹெலன் கேட்பார். மாணவர் கொண்டுவந்த தேவையில்லாத இணைப்பைப் பற்றிக் கேட்போம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.